ஆற்றில் நைட்ரஜன் கணக்கு உதைக்கிறதா? காவிரி ஸ்வாட் மாடலுக்கு அறிகுறிவாரியாக ஒரு சோதனை வழி

ஸ்வாட் (SWAT) என்பது மழை, மண், பயிர், உரம் ஆகியவற்றை வைத்து ஆற்று நீரையும் அதில் வரும் சத்துகளையும் கணக்கிடும் கணினி மாடல். காவிரி வடிநிலத்துக்கு அதைப் போட்டு, நீரோட்டம் ஒருவழியாகப் பொருந்திவிட்டது. ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பரஸும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்காக இது. மாணவர்களும் பொறியாளர்களும் அனுப்பும் ரன்களைப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில கோளாறுகள்தான் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மாடலுக்குள் இருப்பதில்லை. காற்றிலிருந்து நிலத்துக்கு, நிலத்திலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து அணைக்கு என்று எண் கைமாறும் இடங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதை விட்டுவிட்டு முதல் நாளே, மாடலின் எண்களை மாற்றி மாற்றி அளந்த தரவோடு பொருத்தும் (கேலிப்ரேஷன்) மென்பொருளான ஸ்வாட்-கப்பைத் திறந்து ஆயிரம் ரன் ஓட்டினால், தப்பான அலகுக்கு ஏற்றபடி மண்ணை வளைத்துக்கொடுத்துவிடும். அதற்கப்புறம் கோளாறைக் கண்டுபிடிப்பது இரட்டை வேலை.

சில முன்நிபந்தனைகள்: ஸ்வாட் 2012, மாடலின் கடைசி வாய் முசிறி நீரளவு நிலையம் அல்லது அதற்கு மேலே, நீரோட்டம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது. நீரோட்டமே பொருந்தவில்லை என்றால் இங்கே நிறுத்திவிட்டு அதை முதலில் முடியுங்கள். தண்ணீர் தப்பாக இருக்கும்போது அதில் கரைந்திருப்பதைச் சரி செய்ய முடியாது.

## எதையும் தொடுவதற்கு முன்: ஒரு பக்க வரவு செலவு

அவுட்புட்.எஸ்டிடி ஃபைலின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். வடிநிலம் முழுவதற்குமான ஆண்டுச் சராசரி, ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். வரவில் உரம், மழையோடு வந்தது, பயறு வகைகள் நிலைப்படுத்தியது. செலவில் பயிர் எடுத்தது, அம்மோனியாவாக ஆவியானது, டிநைட்ரிஃபிகேஷனில் (நைட்ரேட் வாயுவாக மாறுவதில்) போனது, நிலத்தடிக்கு இறங்கியது, மேலோட்டத்திலும் பக்கவாட்டு ஓட்டத்திலும் வழிந்தது, மண்ணோடு அரித்துப் போனது.

அதே கணக்கை நெல் போட்ட ஒரே ஒரு ஹெச்.ஆர்.யூ.வுக்கு (ஒரே மண், ஒரே பயிர், ஒரே சரிவு என்று மாடல் பிரித்து வைத்திருக்கும் நிலத்துண்டுக்கு) தனியாகவும் போடுங்கள். வடிநிலச் சராசரி பொய் சொல்லும், தனி ஹெச்.ஆர்.யூ. அவ்வளவு சுலபமாகச் சொல்லாது. கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் இந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.

## அறிகுறி 1: வடிவம் சரி, அளவு மட்டும் ஒரே மடங்கில் தப்பு

வரைபடத்தில் மாடல் கோடும் அளந்த புள்ளிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றின் பல மடங்கு. சந்தோஷப்படுங்கள், இது மிகவும் மலிவான கோளாறு. மாடல் சராசரியை அளந்த சராசரியால் வகுத்து, வரும் விகிதத்தைப் பாருங்கள்.

விகிதம் 4.4 அல்லது 0.23 பக்கம் வந்தால். நைட்ரேட்டை நைட்ரேட்டாகவே எழுதியதா, அதிலுள்ள நைட்ரஜனாக எழுதியதா என்ற குழப்பம். நைட்ரஜனின் நிறை 14, நைட்ரேட்டின் நிறை 62, வகுத்தால் 4.43. ஸ்வாட் எழுதுவது நைட்ரஜன் கணக்கில். ஆய்வகத் தாள் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நம் குடிநீர்த் தரத்தில் உள்ள லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது நைட்ரேட்டாக. அமெரிக்கத் தரத்தின் 10 என்பது நைட்ரஜனாக. இரண்டும் ஏறக்குறைய ஒரே தண்ணீர்தான். தரவுத் தாளின் தலைப்பில் எந்த வடிவம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த ஆய்வகத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஊகிக்காதீர்கள்.

பாஸ்பரஸில் 2.3 அல்லது 3.1. முதலாவது உரப் பக்கத்துக் கோளாறு. வேளாண் பரிந்துரைகளில் வரும் மணிச்சத்து என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து என்றால் தனிப் பாஸ்பரஸ் 21.8 கிலோதான். ஸ்வாட்டின் உர ஃபைலில் டி.ஏ.பி.க்கு 0.46 என்று இல்லாமல் 0.202 என்று இருப்பது அதனால்தான். அதைப் பார்த்து "இது தப்பு" என்று 0.46 ஆகத் திருத்தி வைத்திருக்கும் ஃபைல்கள் கையிலிருந்து கைக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. யாரிடமிருந்தோ வாங்கிய ஃபைல் என்றால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். இரண்டாவது, 3.07, ஆய்வகம் பாஸ்பேட்டாக எழுதியது.

0.46 அல்லது 2.2. உர நடவடிக்கையில் ஸ்வாட் கேட்பது மூட்டைக்குள் இருக்கும் பொருளின் எடை. சத்தின் எடை இல்லை. 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போடவேண்டிய இடத்தில் யூரியா என்று தேர்ந்தெடுத்து 150 என்று தட்டினால், மண்ணில் விழுவது 69 கிலோ. 326 என்று தட்டியிருக்க வேண்டும்.

2.47. ஏக்கரும் ஹெக்டேரும். விவசாயிகளிடம் கேட்டு எழுதிய தரவில் இது கட்டாயம் வரும். "ஏக்கருக்கு ரெண்டு மூட்டை" என்பார்கள். யூரியா மூட்டை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில் கேட்ட தரவு என்பதைப் பொறுத்து மூட்டையின் எடை மாறும்.

30-ஐ ஒட்டி. மாதவாரி வெளியீட்டில் நீரோட்டம் சராசரியாக வரும், நைட்ரேட் மாத மொத்தமாக வரும். மாத மொத்தத்தை ஒரு நாள் நீரின் கொள்ளளவால் வகுத்திருக்கிறீர்கள்.

இந்த எண்களில் எதுவும் பொருந்தவில்லை, ஆனாலும் மடங்கு சீராக இருக்கிறது என்றால் இரண்டு தவறுகள் பெருக்கிக்கொண்டிருக்கலாம். 4.43-ஐ 2.47-ஆல் வகுத்தால் 1.8, "கொஞ்சம்தான் கூட, கேலிப்ரேஷனில் சரியாகிவிடும்" என்று நம்பவைக்கும் எண் அது. நம்பாதீர்கள். இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவையே இல்லை.

## அறிகுறி 2: ஆண்டின் முதல் வெள்ளத்தில் மாடலும் ஆறும் வெவ்வேறு கதை சொல்கின்றன

ஒரே ஒரு நாள் முந்தினாலோ பிந்தினாலோ. இந்திய வானிலைத் துறையின் ஒரு நாள் மழை என்பது அந்தத் தேதி காலை 8:30 மணியோடு முடியும் 24 மணி நேரம். அதாவது 10-ஆம் தேதி என்று எழுதியிருப்பதில் பெரும்பங்கு 9-ஆம் தேதி பெய்தது. காற்றிலிருந்து படியும் நைட்ரஜனைக் கணக்கிடும் காற்று மாடலின் மணிகள் உலக நேரத்தில் இருக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மழை, காற்று மாடல், ஆற்று அளவு மூன்றையும் ஒரே நாள் எல்லைக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி பாருங்கள். மாதக் கணக்கு மட்டும் போதும் என்றால் இதைத் தாண்டிப் போகலாம்.

வாரக்கணக்கில் தள்ளி இருந்தால். உரம் போட்ட தேதியைப் பாருங்கள். தேதி கொடுக்காமல் வெப்ப அலகை (நாள்தோறும் சேரும் வெப்பத்தின் கூட்டுத்தொகையை) வைத்து ஓடும் டிஃபால்ட் அட்டவணை இருந்தால், நடவு எப்போது என்பதை மாடலே தீர்மானித்துக்கொண்டிருக்கும். காவிரிக்கு அது ஒத்துவராது. குடகிலும் மைசூர்ப் பக்கமும் தென்மேற்குப் பருவமழை. ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் வடகிழக்கு. கீழ்பவானிப் பாசனத்தில் முதல் போக நெல்லுக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15-இல் வாய்க்கால் திறப்பார்கள். அங்கே தேதியை முடிவு செய்வது வாய்க்கால், வெப்பம் இல்லை. முழு வடிநிலத்துக்கும் ஒரே பயிர் அட்டவணையை ஒட்டியிருந்தால் ஒரு பாதி எப்போதுமே தப்பாக இருக்கும்.

அதோடு, எல்லா உரமும் நடவன்றே அடியுரமாகப் போய்விடவில்லையே என்று பாருங்கள். தழைச்சத்தை அடியுரமாகக் கொஞ்சம், மேலுரமாக இரண்டு மூன்று தடவை என்று பிரித்துப் போடுவதுதான் வயலில் நடப்பது. ஒரே நாளில் கொட்டிவிட்டு, மறுவாரம் மழை வந்தால் மாடலில் ஆறு நைட்ரேட்டாகவே ஓடும்.

முதல் வெள்ளத்தில் மாடல் மட்டும் அதிகம், மற்ற நாட்களில் ஒத்துப்போகிறது என்றால் மாடலைக் குற்றம் சொல்வதற்கு முன் மாதிரி எடுத்த தேதிகளை நீரோட்ட வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளம் ஏறும்போது யாரும் பாட்டிலோடு ஆற்றில் இறங்குவதில்லை. மாதத்துக்கு ஒன்று இரண்டு மாதிரி, அதுவும் தெளிந்த நாட்களில். அதை மாத நீரால் பெருக்கி "அளந்த சுமை" (ஆறு சுமந்துபோன மொத்த எடை) என்று வைத்துக்கொண்டால், ஒப்பிடும் தராசே சாய்ந்திருக்கிறது. மாதிரி எடுத்த நாட்களின் செறிவை மட்டும் அதே நாட்களின் மாடல் செறிவோடு ஒப்பிடுங்கள். அப்போது பொருந்தினால் உங்கள் மாடலில் கோளாறு இல்லை.

அப்படியும் பொருந்தவில்லை என்றால் செலவு கூடும். ஸ்வாட் ஒவ்வொரு உபவடிநிலத்துக்கும் அதன் மையத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒரே மழைமானியைத்தான் எடுத்துக்கொள்ளும். குடகில் சில கிலோமீட்டர் தள்ளினாலே மழை பாதியாகும். வானிலைத் துறையின் கால் பாகை கட்டத் தரவும் மலைச்சரிவில் மழையைச் சமப்படுத்திவிடும். உபவடிநிலத்தைச் சிறிதாக்கி, உயரப் பட்டைகள் போட்டு, மழையை மறுபடி ஏற்ற வேண்டும். அதாவது நீரோட்டத்துக்கே திரும்பிப் போவது. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் உண்மையான நீர் திறப்புத் தரவு இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாது. நீர்வளத் துறையில் பணியாற்றும் ஒருவரைத் துணைக்குப் பிடிக்கவேண்டிய இடம் இதுதான்.

## அறிகுறி 3: பிப்ரவரி முதல் மே வரை மாடலில் நைட்ரேட் காணோம்

மழை இல்லை, உரம் இல்லை, ஆனாலும் ஆற்றில் நைட்ரேட்டும் அம்மோனியாவும் இருக்கின்றன. மாடலில் தரைமட்டம்.

முதலில் கழிவுநீர். நிலப்பரப்பிலிருந்து மட்டும் சத்து வருவதாக மாடலை அமைத்து, ஊர்களை மறந்துவிடுவது சர்வ சாதாரணம். தோராயக் கணக்கு கையால் போடலாம். புரதத்தில் ஏறக்குறைய 6.25-இல் ஒரு பங்கு நைட்ரஜன். ஒருவர் நாளைக்கு 60 கிராம் புரதம் சாப்பிட்டால் 9.6 கிராம் நைட்ரஜன் வெளியே போகும். ஒரு லட்சம் பேருக்கு நாளைக்கு 960 கிலோ. அதில் எவ்வளவு செப்டிக் டேங்கில் நிற்கிறது, எவ்வளவு சாக்கடை வழியே ஆற்றுக்குப் போகிறது என்பதை ஊருக்கு ஊர் முடிவு செய்யுங்கள். கோவையும் திருப்பூரும் நொய்யல் வழியாக வருகின்றன. இரண்டையும் புள்ளி மூலங்களாக (ஒரே இடத்தில் ஆற்றில் விழும் வரவாக) போட வேண்டும்.

பெங்களூரைப் போட்டிருக்கிறீர்களா? எவ்வளவு? இங்கே இரண்டு விதமாகவும் தவறுகிறார்கள். நகரம் வடிநிலத்தின் விளிம்பில், ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் கழிவுநீர் அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு வருகிறது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தொட்டும், ஹெப்பால் பள்ளத்தாக்கின் நீர் வேறு வழியிலும் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது அந்தத் தண்ணீரால். குடிப்பது காவிரித் தண்ணீர் என்பதால் கழிவும் முழுக்கக் காவிரிக்கே திரும்புகிறது என்று மொத்த மக்கள்தொகையையும் அர்க்காவதியில் இறக்கினால், பிலிகுண்டுலு நீரளவு நிலையத்தில் கோடை நைட்ரஜன் எகிறிவிடும். ஒரேயடியாக விட்டுவிட்டால் தரைமட்டம். மக்கள்தொகையைப் பள்ளத்தாக்கு வாரியாகப் பிரியுங்கள்.

கழிவுநீர் சேர்த்தும் குறைவாகவே இருந்தால் நிலத்தடி நீர். ஆழமில்லா நீர்த்தாங்கியில் தொடக்க நைட்ரேட் செறிவு பூஜ்ஜியமாக விட்டிருப்பீர்கள். மாடல் அதை நிரப்பப் பல ஆண்டுகள் எடுக்கும். தொடக்க ஓட்ட ஆண்டுகளை (கணக்கில் சேர்க்காமல், மாடல் நிலைப்பதற்காக ஓட்டும் ஆண்டுகளை) மூன்றிலிருந்து பத்தாக்கிப் பாருங்கள். ராத்திரி ஓடவிட்டால் காலையில் தெரிந்துவிடும். கோடை நைட்ரேட் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான். அதன்பிறகு கிணற்று நைட்ரேட் தரவை வைத்துத் தொடக்கச் செறிவைக் கொடுங்கள்.

எதிர் அறிகுறி, கோடையில் மாடல் செறிவு வானத்துக்குப் போனால் செறிவை விட்டுவிட்டுச் சுமையைப் பாருங்கள். நீரோட்டம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது வகுத்து வரும் செறிவுக்கு அர்த்தமே இல்லை. சுமை சாதாரணமாக இருந்தால் அது கோளாறே இல்லை.

ஆற்றில் அம்மோனியா அதிகம், நைட்ரேட் குறைவு, இரண்டின் கூட்டுத்தொகை சரி என்றால் ஆற்றுக்குள் நடக்கும் மாற்றத்தை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று பேசின்ஸ்.பிஎஸ்என் ஃபைலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 4: நிலத்தில் போட்ட உரம் மாயமாகிறது

வரவு செலவுத் தாளைப் பாருங்கள். எந்தச் செலவு வரி வீங்கியிருக்கிறது?

டிநைட்ரிஃபிகேஷன் வீங்கியிருந்தால். எஸ்.டி.என்.சி.ஓ. என்ற பேராமீட்டர், மண்ணின் ஈரம் வயல் கொள்திறனில் (வடிந்த பிறகு மண் பிடித்து நிறுத்தும் நீரில்) எத்தனை பங்கைத் தாண்டினால் இந்த வினை தொடங்கலாம் என்று சொல்வது. டிஃபால்ட் 1.1. அதாவது கொள்திறனுக்கு மேல் பத்து சதவீதம். வடியும் மண்ணில் அது அபூர்வமாகத்தான் நடக்கும், ஆகவே இழப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும். இதை யாராவது 0.9 ஆக்கிவிட்டு, வேகத்தைக் குறிக்கும் சி.டி.என்.னை டிஃபால்ட் 1.4-இலேயே விட்டிருந்தால் போட்ட உரத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஒரு சின்ன எண், இரண்டு துருவம். எஸ்.டி.என்.சி.ஓ.வைத் தொட்டால் சி.டி.என்.னையும் கூடவே இறக்குங்கள்.

அது ஒன்றுமே இல்லாமல், நெல் வயலிலிருந்து நைட்ரேட் கொட்டினால். நிலப்பயன்பாட்டில் நெல் என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் ஸ்வாட் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தாது. அதன் கண்ணில் அது மேட்டு நிலத்துப் புல். வயலைப் பள்ளமாக வரையறுத்து, பயிர் அட்டவணையில் நீர் தேக்கு, நீர் விடு என்ற நடவடிக்கையைத் தேதியோடு சேர்க்க வேண்டும். மண்டியாவிலும் கீழ்பவானியிலும் இதைச் செய்யாமல் நெல்லை ஓட்டியவர்கள், அந்தப் பற்றாக்குறையைச் சி.டி.என்.னை ஏற்றி ஈடுகட்டுவதைப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் பக்கத்துக் கரும்பும் மஞ்சளும் சேர்ந்து தண்டனை அனுபவிக்கும், ஏனென்றால் அந்தப் பேராமீட்டர் வடிநிலம் முழுவதற்கும் ஒன்றுதான்.

நிலத்தடிக்கு இறங்குவது வீங்கியிருந்தால் மகசூலைப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, அவ்வளவு பேர் செய்யாமல் விடுகிறார்கள். ஒரு டன் நெல்லுக்குப் பயிர் எடுக்கும் தழைச்சத்து சுமார் 15 முதல் 20 கிலோ. ஹெக்டேருக்கு 5 டன் விளையும் வயலில் 75 முதல் 100 கிலோ எடுத்திருக்க வேண்டும். மாடலில் மகசூல் ஒரு டன்னில் நிற்கிறதா? பயிருக்குக் கொடுத்த மொத்த வெப்ப அலகு குளிர்நாட்டுக்கு உரியதாகவோ, அறுவடைத் தேதி பயிர் முதிர்வதற்கு முந்தியோ இருக்கும். பயிர் சாப்பிடாத உரம் அத்தனையும் கீழே இறங்குகிறது. பயிரைச் சரி செய்தால் ஆறு தானாகச் சரியாகும்.

உர வரி நீங்கள் போட்டதைவிட அதிகமாக இருந்தால் தானியங்கி உரம் இயக்கத்தில் இருக்கிறது. பயிர் வாடும்போதெல்லாம் மாடலே உரம் வைக்கும். அணைத்துவிடுங்கள்.

வேளாண் அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகவேண்டிய கட்டம்: மகசூல் சரி, தேதி சரி, ஆனாலும் உர அளவே சந்தேகமாக இருக்கும்போது. மாவட்ட உர விற்பனையை மாவட்டப் பரப்பால் வகுத்த எண்ணை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள். கடையில் விற்பது எல்லாம் அந்த மாவட்டத்து வயலில் விழுவதில்லை. 2015 முதல் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்தப் பூச்சு யூரியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவதை மாடல் தானாக அறியாது.

## அறிகுறி 5: காற்றுப் படிவு சேர்த்ததும் கணக்கு கெட்டது, அல்லது சேர்த்தும் ஒன்றும் மாறவில்லை

இதுதான் மிகவும் குழப்பமான வாசல். காற்றுப் பக்கத்தில் பெரும்பாலும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சிமாக் (CMAQ) என்ற காற்று மாடலின் வெளியீட்டை எடுப்பார்கள். அது படிவை ஹெக்டேருக்குக் கிலோவாகத் தரும், ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனித்தனியாக. ஸ்வாட்டோ உலர்படிவை ஆண்டுக்கு ஹெக்டேருக்குக் கிலோவாகவும், மழையோடு வரும் ஈரப்படிவை லிட்டருக்கு மில்லிகிராமாகவும் கேட்கும்.

மாறவில்லையா? உபவடிநிலத்துக்கான படிவு ஃபைலைச் செய்து வைத்துவிட்டு, அதைப் படிக்கச் சொல்லும் வரியை மாற்றாமல் விட்டிருப்பீர்கள். ஏதாவது ஒரு உபவடிநிலத்தில் பத்து மடங்கு எண் போட்டு ஓட்டுங்கள். ஆறு அசையவில்லை என்றால் ஃபைல் படிக்கப்படவே இல்லை.

அதிகமாகிவிட்டதா? முதலில் நிறை மாற்றம். நைட்ரிக் அமிலத்தை 0.222-ஆலும், அம்மோனியாவை 0.824-ஆலும், அம்மோனியத்தை 0.778-ஆலும் பெருக்கினால்தான் நைட்ரஜன். சேர்மங்களை அப்படியே கூட்டிப் போட்டால் பெருத்துவிடும். அடுத்து, ஏற்கெனவே மழைக்கு டிஃபால்ட்டாக இருக்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரஜன் நீக்கப்பட்டதா? வடிநிலம் முழுவதற்குமான அந்த எண்ணும், உங்கள் ஃபைலும் இரண்டும் வேலை செய்தால் மழையின் நைட்ரஜன் இரட்டிப்பாகும்.

ஈரப்படிவு மட்டும் கால்பங்கு குறைகிறதா, கூடுகிறதா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 10,000 லிட்டர். ஆகவே செறிவு என்பது படிவை மழையால் வகுத்து 100-ஆல் பெருக்கியது. காற்று மாடலில் ஆண்டுக்கு 6 கிலோ படிவு, அதன் சொந்த வானிலையில் 1200 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம், செறிவு 0.5. உங்கள் ஸ்வாட்டில் மழை 900 மி.மீ. என்றால் அதே செறிவு நிலத்துக்குக் கொண்டுவருவது 4.5 கிலோ. 1.5 கிலோ வழியில் காணாமல் போயிற்று. நிறை காக்கப்பட வேண்டும் என்றால் உங்கள் மழையால் வகுங்கள், 0.67 வரும். இல்லை, காற்று மாடல் மழையைத்தான் கூட்டிச் சொல்கிறது, செறிவு நம்பத்தக்கது என்று நினைத்தால் 0.5-ஐயே வையுங்கள். அமெரிக்காவில் சிமாக்கின் ஈரப்படிவை அளந்த மழைக்கு ஏற்பத் திருத்தும் வழக்கம் இந்த இரண்டாவது எண்ணத்தில்தான். என் சாய்வும் அதுவே, அளந்த மழை நன்றாக இருக்கும் வரை. எதை எடுத்தாலும் அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள்.

நுட்பமான இரட்டைக் கணக்கு. வயலில் யூரியா போட்டதும் ஒரு பங்கு அம்மோனியாவாகக் கிளம்பி, காற்றில் போய், பக்கத்திலேயே மறுபடி இறங்குகிறது. ஸ்வாட்டில் ஆவியாதல் நடந்து, காற்று மாடலும் அதே வயலின் உமிழ்வை வைத்து ஓடியிருந்தால் சரி. ஸ்வாட்டில் உரத்தை மாற்றிவிட்டு, காற்றுப் படிவைப் பழைய உர அளவிலேயே வைத்திருந்தால் இல்லாத வயலின் அம்மோனியா இறங்கிக்கொண்டிருக்கும். சோதிக்க எளிய வழி: இரண்டு பக்கத்திலும் வடிநிலத்தின் மொத்த அம்மோனியா உமிழ்வை டன்னில் எடுத்து அருகருகே வையுங்கள். இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தால் காற்று மாடல் ஓட்டுபவரைக் கூப்பிடுங்கள். அதை நீங்களே திரும்ப ஓட்ட நினைக்காதீர்கள். உமிழ்வுக் கணக்கிலிருந்து தொடங்கவேண்டிய வேலை அது. சின்ன ஆய்வேடு என்றால் படிவை நிலையான எண்ணாக வைத்து அதையே எல்லையாக அறிவித்துவிடுவது கௌரவமான வழி.

## அறிகுறி 6: மேட்டூருக்கு உள்ளே போன பாஸ்பரஸ் அப்படியே வெளியே வருகிறது

அலகு. ஸ்வாட் கொள்ளளவைப் பத்தாயிரம் கன மீட்டரில் கேட்கும். டி.எம்.சி.யை 2831.7-ஆல் பெருக்குங்கள். 120 அடியில் 93.47 டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,64,700. ஒரு பூஜ்ஜியம் போனால் மேட்டூர் ஒரு குட்டை ஆகிவிடும். தண்ணீர் தங்காது, எதுவும் படியாது.

படிவு வேகம். ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. நாள் கணக்கில் உள்ள எண்ணைப் போட்டிருந்தால் படிவு இருந்தும் இல்லாததுபோல ஆகும். ஆண்டின் இரண்டு பருவங்களுக்கு இரண்டு வேகம் கொடுக்கலாம். நடுப்பருவம் எந்த மாதத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்பதை நீர்மட்டம் பார்த்து மாற்றுங்கள்.

நீர் திறப்பு. கணக்கிட்ட திறப்பை விட்டுவிட்டு அளந்த திறப்பை ஏற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பண்ணவாடிப் பக்கம் தேங்குநீரில் பச்சைப் பாசி படர்ந்து நாறுவதை மாடல் காட்டவில்லை என்றால், அது காட்டாது. ஸ்வாட்டுக்கு அணை என்பது நன்றாகக் கலக்கிய ஒரே அண்டா. ஓரத்தில் தேங்குவது, மேலே சூடாகிக் கீழே குளிர்ந்திருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. பாசி உங்கள் கேள்வி என்றால், ஸ்வாட்டின் வெளியீட்டை உள்ளீடாக எடுத்துக்கொள்ளும் நீர்த்தேக்க மாடல் ஒன்றும், அதை ஓட்டத் தெரிந்தவரும் வேண்டும்.

## அறிகுறி 7: டெல்டாவில் ஆறுகளே தப்பாக வருகின்றன

முக்கொம்புக்குக் கீழே காவிரி பிரிகிறது, கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் மறுபடி பிரிகிறது. ஸ்வாட் 2012 கிளைகள் சேர்வதை மட்டும் அறியும், பிரிவதை அறியாது. தட்டையான நிலத்தில் உயர வரைபடமும் ஓடை காட்டாது. இதற்குச் சோதனையெல்லாம் வேண்டாம். முசிறியில் மாடலை முடித்துக்கொள்ளுங்கள். டெல்டாவின் குறுவை, சம்பா, தாளடி வேண்டும் என்றால் ஸ்வாட்டின் புதிய பதிப்பான ஸ்வாட் பிளஸ்ஸுக்கு மாறுங்கள், அல்லது வாய்க்கால் மாடல் தெரிந்தவரோடு சேருங்கள்.

## அறிகுறி 8: எல்லாம் பொருந்திவிட்டது, ஆனால் உரத்தைக் குறைத்தால் ஆறு கேட்கவில்லை

கேலிப்ரேஷன் எண்கள் அழகாக இருக்கின்றன. உரத்தை 30 சதவீதம் குறைத்து ஓட்டினால் முசிறியில் நைட்ரேட் அசையவில்லை, இன்னும் மோசமாகக் கொஞ்சம் ஏறுகிறது.

ஐந்து நிமிடச் சோதனை. நீங்கள் மாற்றியது எடிட்டரின் தரவுத்தளத்திலா, ஓடும் ஃபைலிலா? உள்ளீட்டை மறுபடி எழுதாமல் விட்டால் பழைய உரமே ஓடும். ஸ்வாட்-கப்பின் கோப்புறையில் இருப்பது வேறொரு பிரதி என்பதையும் மறக்கவேண்டாம். அவுட்புட்.எஸ்டிடியில் உர வரி 30 சதவீதம் இறங்கியதா என்பதுதான் சாட்சி.

தானியங்கி உரம். இங்கேயும் அதேதான். கையால் குறைத்ததை மாடல் பின்வாசல் வழியாகப் போட்டுக்கொள்ளும்.

மண்ணின் பழைய கையிருப்பு. மண்ணிலும் நிலத்தடியிலும் இருக்கும் நைட்ரஜன் தீர ஆண்டுகள் ஆகும். ஐந்து ஆண்டு ரன்னில் தெரியாதது இருபது ஆண்டில் தெரியலாம். இது கோளாறாக இல்லாமல் உண்மையாகவும் இருக்கலாம். மிசிசிப்பி வடிநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஆக்சிஜன் இல்லாப் பகுதியை 2035-க்குள் 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைப்பது இலக்கு. 2017-இல் அது 22,720 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது. வயலில் செய்யும் மாற்றம் கடலில் தெரியத் தாமதமாவதற்கு நிலத்தில் தங்கிய பழைய நைட்ரஜனும் ஒரு காரணம்.

கடைசியாக, விலை அதிகமான காரணம். பேராமீட்டர்கள் ஒன்றையொன்று மூடி மறைத்துக்கொண்டிருக்கின்றன. மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிட 2007-இல் மோரியாசி குழு தந்த அளவுகோல்படி மாத நைட்ரஜன், பாஸ்பரஸ் சுமையில் 70 சதவீதம் வரை சாய்வு இருந்தாலும் "திருப்தி". அவ்வளவு அகலமான கதவில் தப்பான மாடலும் நுழையும். ஒரே கடைசி வாயில் பொருத்தாமல், பவானியில் சவந்தபூர், அமராவதியில் நல்லமரன்பட்டி, மேலே பிலிகுண்டுலு என்று உள்ளே இருக்கும் நிலையங்களில் தனித்தனியே ஒப்பிடுங்கள். முசிறியில் பொருந்தி, பவானியில் மூன்று மடங்கு கூடி, அமராவதியில் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால், பொருந்தியது தற்செயல். மகசூல், டிநைட்ரிஃபிகேஷன், நிலத்தடி நைட்ரேட் ஆகிய மூன்றுக்கும் எல்லை வைத்துக்கொண்டு கேலிப்ரேஷனை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மாத வேலை.

அதையும் செய்து முடியவில்லை என்றால் அனுபவமுள்ளவரிடம் அனுப்புங்கள். அனுப்பும்போது முழுக் கோப்புறையையும் அமுக்கி அனுப்பாதீர்கள், யாரும் திறக்கமாட்டார்கள். அவுட்புட்.எஸ்டிடி, பேசின்ஸ்.பிஎஸ்என், உர ஃபைல், நெல் போட்ட ஒரு ஹெச்.ஆர்.யூ.வின் மேலாண்மை ஃபைல், காற்றுப் படிவு ஃபைல், ஆய்வகத் தாளின் தலைப்புப் பக்கத்தின் படம், உங்கள் வரவு செலவுத் தாள். "நைட்ரேட் வரவில்லை" என்று எழுதாமல் எந்த நிலையம், எந்த மாதம், மாடல் எவ்வளவு, அளந்தது எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.